மூன்றாம் நாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்

பெடாஸ்,
வியாழக்கிழமை இரவு.

அன்புள்ள ரோகினிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, எனக்குக் கிளினிக்கில் பார்த்தபோது ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், அதற்குக் காரணம் உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அங்கே கடல் தாண்டிப் பிந்துலுவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேலையில் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டே தொடங்குகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ "சரிம்மா, போதும்லா, நான் பாத்துக்கறேன்" என்கிறாய், நான் அழ ஆரம்பித்துவிடுகிறேன், பேச வேண்டியது அப்படியே நின்றுபோகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. படிக்கும்போது கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் படி. கடைசிவரை படிக்க வேண்டும்.

நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யாரோ சொல்லி நீ கேட்கக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, திருவிழாவில் நம் குடும்பத்துக்கு உள்ள மூன்றாம் நாள் உபயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். உன் கிரெடிட் கார்டு கடனைச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதற்காக வேறு யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பேங்கிலிருந்து என் ஆபீஸ் நம்பருக்கு ஓர் ஆள் கூப்பிட்டான் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அவன் கடன் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை, மிஸ் ரோகினி போன் எடுக்கவில்லை, அவசரத் தொடர்புக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார், கூப்பிடச் சொல்லுங்கள் என்று மலாயில் மரியாதையாகத்தான் சொன்னான். அன்று சம்பள நாள், எனக்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், இந்தோனேசியாக்காரர்களும் பங்களாதேஷ்காரர்களும், ஒவ்வொருவன் சம்பளத் தாளிலும் பிடித்தம் இவ்வளவு கையில் வருவது இவ்வளவு என்று நான்தான் அடித்துக் கொடுக்கிறேன், என் மகள் சம்பளத்தில் என்ன பிடித்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் மறுபடி இரண்டு தடவை கூப்பிட்டபோது எனக்கும் ஒரு ரோசம் வந்தது, "அவள் கட்டுவாள், எழுத்தில் அனுப்புங்கள், என் வேலை நேரத்தில் ஆபீசுக்குக் கூப்பிடாதீர்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை. பயந்து பயந்து பேசினால்தான் அவர்கள் மேலும் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ ஒருவழியாக அனுப்பிய ஸ்டேட்மெண்ட் பத்தையும் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அச்செடுத்து, பென்சிலால் வரிவரியாகக் குறித்தேன். டிப்ளோமா கடைசிப் பரீட்சையை நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது எழுதியவள் நான், கணக்கில் தப்பு விட மாட்டேன். போன வருடம் மூன்றாம் நாளுக்கு நீ போட்டது மொத்தம் ஒன்பதாயிரத்து நானூறு வெள்ளி. மந்தின் ஊர்ச் சமையல்காரருக்குக் கார்டைத் தேய்த்தாய், சரி. உறுமி மேளக்காரர்களும் கேமாப் பந்தல் போட்டவரும் கார்டு வாங்க மாட்டோம், காசாகக் கொடு என்றதும் அந்தக் கார்டிலிருந்தே மூவாயிரம் வெள்ளியைக் காசாக எடுத்தாய் பார், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கே நூற்றைம்பது வெள்ளி கட்டணம், அன்றையிலிருந்தே வட்டி. சாமான் வாங்கினால் கிடைக்கும் இருபது நாள் தவணைகூடக் காசுக்குக் கிடையாது, இதை உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயும் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கவில்லை. அப்புறம் எட்டு மாதமாக நாலாயிரத்து முன்னூற்று ஐம்பது வெள்ளி கட்டியிருக்கிறாய், கடைசி இரண்டு மாதம் கட்டவில்லை. இன்றைக்கு நிற்கும் பாக்கி ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபது. நாலாயிரத்துக்கு மேல் கட்டியும் கடன் நானூற்று அறுபது வெள்ளி கூடியிருக்கிறது பாப்பா. வட்டி, கட்டணம், தாமதத்துக்கு அபராதம் என்று ஆயிரத்து எழுநூறு சொச்சம் போயிருக்கிறது. மிச்சம் மூவாயிரத்து நூறு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அரிசி, முட்டை, பெட்ரோல், மெகி நூடுல்ஸ், பனடோல் மாத்திரை. சம்பளம் வந்ததும் கார்டுக்குக் கட்டிவிடுகிறாய், கையில் ஒன்றும் இல்லை, அதனால் அதே கார்டில் சாப்பாடு வாங்குகிறாய். ஜூலை மாதத்தில் ஒரு நாள் நாலு வெள்ளி எண்பது காசுக்கு ரொட்டி வாங்கிக் கார்டைத் தேய்த்திருக்கிறாய். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் நான் ஆபீஸ் கழிவறைக்குப் போய் அழுதேன், மற்றதற்கெல்லாம் அழவில்லை. வீடியோவில் உன் கன்னம் ஒட்டியிருக்கிறதே என்று கேட்டபோது டயட் என்றாயே.

உன்னை மட்டும் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. போன வருடம் பெரியப்பா நம் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்கக்கூடச் செய்யாமல், "தம்பிக்கு ஆம்பளப் புள்ள இல்ல, அவனும் எத்தன நாளைக்கி லோரி ஓட்டி இழுத்துக்கிட்டு கெடப்பான், நாலாம் நாளு என்னோடது, மூணாம் நாளையும் நானே சேத்துப் பாத்துக்கறேன்" என்று சொன்னபோது, உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நான் அதை உன்னிடம் போனில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். நீ உடனே பெரியப்பாவுக்குக் கூப்பிட்டு "நான் செய்றேன் பெரியப்பா, போன தடவைய விட பெருசா" என்றாய். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன பெண், மூவாயிரத்து நானூறு வெள்ளி சம்பளம், வாடகை கட்டுகிறாள், அவளிடம் ஒன்பதாயிரம் எங்கிருந்து வரும் என்று கணக்கு படித்த நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். எல்லாரும் "மகளோட உபயமாம், என்னா அலங்காரம்" என்று சொன்னபோது கழுத்தை நிமிர்த்திக்கொண்டேன். நீ எடுத்த கடனில் அந்த நிமிர்ந்த கழுத்துக்கும் பங்கு உண்டு, அதனால்தான் உன்னோடு சேர்ந்து நானும் கட்டப் போகிறேன், அதைப் பின்னால் எழுதுகிறேன்.

இந்த வருடமும் எப்படியாவது செய்துவிடலாம், புதுசாக இன்னொரு பேங்க் கார்டு கொடுத்திருக்கிறது, பழைய கடனை அதற்கு மாற்றினால் ஆறு மாதம் வட்டியே இல்லை, மிச்ச லிமிட்டில் திருவிழாவை முடித்துவிடலாம் என்று போன வாரம் புதன்கிழமை நீ சொன்னாயே, அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்று கேட்டதற்கு "அப்ப பாத்துக்கலாம்மா" என்றாய். அப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு, என் நகையை அடகு வைத்தாவது மூன்றாம் நாளை நடத்த வேண்டும், விட்டால் இந்தத் தோட்டத்தில் தலைகாட்ட முடியாது என்றார். வைக்க மாட்டேன் என்றேன். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவரிடம் அப்படி நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கூட்டத்தில் நடந்ததைக் கேள். பூஜை முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம், நான் பக்கத்து வீட்டு ரதியோடு பெண்கள் பக்கம். தலைவர் தர்மராஜ் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு நாளாகப் படித்துக்கொண்டே வந்தார், "மூணாம் நாளு குணாளன் குடும்பம், போன வருசம் மாதிரியே சிறப்பா செஞ்சிருவாங்க" என்றார், அப்பாவும் தலையாட்டிவிட்டார். நான் எழுந்து, "மூணாம் நாள நாங்க இந்த வருசம் திருப்பிக் குடுக்கறோம்ங்க" என்றேன். தர்மராஜ் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "ஏம்மா, வீட்ல ஏதும் தீட்டா?" என்று கேட்டார். "தீட்டு இல்லீங்க, கடன்" என்றேன். அப்பா அங்கிருந்தே "திலகா, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. போன வருட உபயத்தை என் மகள் கார்டில் செய்தாள், இன்னும் கட்டி முடிக்கவில்லை, பிள்ளை அங்கே ரொட்டி வாங்கக் கார்டு தேய்க்கிறது, நாங்கள் இங்கே இன்னொரு தடவை மேளம் வைத்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாலும் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். பெரியப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அதான் அப்பவே சொன்னேன், பொம்பளப் புள்ள எடுத்த உபயம், ஒரு வருசத்துலயே மூச்சு வாங்கிருச்சு பாத்தீங்களா" என்றார். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கைப்பையிலிருந்து உன் ஸ்டேட்மெண்டை எடுத்துத் தூக்கிக் காட்டி, "என் மக பில்லு இந்தா இருக்கு மாமா. இங்க ஆம்பளப் புள்ளைங்க செய்ற உபயத்துக்கெல்லாம் பில்லு இருந்தா அவங்கவங்க கொண்டாந்து இது பக்கத்துல வைங்க, யாருக்கு எவ்ளோ மூச்சு வாங்குதுன்னு பாப்போம்" என்றேன். சிரிப்பு நின்றுபோனது. ரதி என் முந்தானையைப் பிடித்து இழுத்து "அக்கா, போதும்லா, உக்காருங்க" என்றாள். அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

இதில் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மூடும் நேரத்தில் பெரியப்பா வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்துவிட்டு, "ஒன்னுமில்ல, பேங்குலேர்ந்து பேப்பர் வந்துருக்கு, எழுத்து பொடியா இருக்கு, படிச்சு சொல்லு" என்றார். அவருடைய பெரிய மகனின் கார்டு, மூன்று கார்டு, ஒன்றைக் கட்ட இன்னொன்றிலிருந்து எடுத்திருக்கிறான், நாலாம் நாளுக்கு எல்.இ.டி. விளக்கு போட்ட தேர் வந்ததே, அதுவும் அதில் இருக்கிறது. மொத்தத்தைக் கூட்டிச் சொன்னேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். நாலாம் நாளையும் ஒரு இரண்டு வருடம் விட்டுவிடுங்கள் மாமா, பிள்ளை மூச்சுவிடட்டும் என்றேன். "என்னா பேச்சு பேசறே நீ" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விடுவாரா மாட்டாரா தெரியாது. இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, அந்த அண்ணனுக்குக்கூட உனக்குத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. நீ ஒருத்திதான் ஏமாந்தவள், நீ ஒருத்திதான் கெட்டிக்காரத்தனம் இல்லாதவள் என்று ராத்திரியில் நினைத்து அழ வேண்டாம் என்பதற்காகத்தான் உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், இது யோசனை இல்லை, அம்மாவின் கட்டளை. அந்த இரண்டாவது கார்டைத் திறக்காதே. செயல்படுத்தச் சொல்லி மெசேஜ் மேல் மெசேஜ் வரும், வரட்டும். அவர்களுக்குக் கூப்பிட்டு வேண்டாம் என்று ரத்து செய்துவிடு, பெயரையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள். ஆறு மாதம் வட்டி இல்லாமல் மாற்றிக்கொள்வது எல்லாருக்கும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை, கார்டைத் தொடாமல் கட்டி முடிக்கிறவர்களுக்கு அது உதவும், நீ அதிலேயே திருவிழாவையும் நடத்தப் பார்த்தாய். பழைய கார்டைக் கத்தரித்து எனக்குப் படம் அனுப்பு. இனி சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் கையில் இருக்கும் காசுதான், இல்லாவிட்டால் எனக்குச் சொல், வெட்கப்படாமல் சொல், உனக்குச் சோறு போடுவது எனக்குப் புதுசு இல்லை. மினிமம் கட்டினால் போதும் என்று அந்தத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது பார், அதை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால், புதிதாக ஒரு காசுகூடத் தேய்க்காமல் இருந்தாலும் முடிய ஏழு வருடத்துக்கு மேல் ஆகும், உனக்கு முப்பது வயதாகியிருக்கும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், மாதம் தொள்ளாயிரம் வெள்ளி கட்டினால் ஒரு வருடத்தில் முடிகிறது. அறுநூறு நீ, முன்னூறு நான். சம்பளம் வந்த அன்றே, மற்ற எதற்கும் முன்னால். மொத்தத்தையும் நானே அடைத்துவிட முடியாதா என்று கேட்டால், நகையை வைத்தால் முடியும், ஆனால் மாட்டேன். உன்னைத் தண்டிப்பதற்காக இல்லை. நீ தூக்கியதை நீயே இறக்கி வைத்தால்தான் இன்னொரு தடவை யாராவது வாசலில் மோட்டாரை நிறுத்திப் பேசும்போது உனக்குக் கை துறுதுறுக்காது. பேங்கில் தவணைக்கு ஒத்துக்கொள்ளாமல் இழுத்தடித்தால் கடன் ஆலோசனைக்கென்றே ஏ.கே.பி.கே. இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள், போனிலேயே பேசலாம். எந்தக் காரணத்துக்காகவும், எவன் உன் போனுக்கு மெசேஜ் அனுப்பினாலும், ஆலோங், அந்தக் கந்துவட்டிக்காரர்கள் பக்கம் மட்டும் போகாதே. இது சத்தியம் செய்ய வேண்டிய விஷயம்.

வேறு செய்தி என்றால், பின்பக்கம் போட்டிருந்த மரவள்ளியைக் காட்டுப்பன்றி முழுசாகத் தோண்டிவிட்டுப் போய்விட்டது. ரதியின் மகளுக்கு அம்பாங்கானில் ஒரு பல் கிளினிக்கில் வேலை கிடைத்திருக்கிறது, சேர்ந்த மூன்றாம் மாதமே யாரோ கடைத்தெருவில் மேசை போட்டுப் பயணப் பெட்டி ஒன்று இலவசம் என்று கார்டுக்குக் கையெழுத்து கேட்டார்களாம், அவள் அந்தத் தாளை என்னிடம் வந்து காட்டினாள், படத்தில் பெட்டி நன்றாகத்தான் இருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார், செம்பனைக் குலை ஏற்றும் லோரியை எடுத்துக்கொண்டு போகிறார், வருகிறார், டிவி பார்க்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அவரையும் எல்லார் முன்னாலும் குனிய வைத்துவிட்டோமோ என்று இரண்டு நாள் தூங்கவில்லை, ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. நேற்று கோயிலிலிருந்து செய்தி வந்தது, இந்த வருடம் மூன்றாம் நாளை எந்தக் குடும்பமும் எடுக்கவில்லை, அதனால் பொது உபயமாக வைத்துக்கொள்வது, வீட்டுக்குப் பத்து வெள்ளி, சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் நம் பெண்களே செய்வது, மேளம் இல்லை என்று தர்மராஜ் முடிவு செய்துவிட்டார். இன்று சாயங்காலம் அப்பா லோரியை நிறுத்திவிட்டு நேரே கோயிலுக்குப் போனார். திரும்பி வந்து, குளிப்பதற்கு முன்னால், சட்டைப் பையிலிருந்து இரண்டு ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் வீட்டுக்கு என்று அவர் பெயர். இன்னொன்றில் ரோகினி குணாளன், வெள்ளி பத்து. "அவளுக்குத் தனியா போட்டேன், லெட்டர் எழுதறேல்ல, அதுல வச்சு அனுப்பு" என்றார். நாலு நாளுக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்புறம் "புள்ள திருவிழாவுக்கு வர டிக்கெட்டுக்குக் கார்ட தேய்க்கப் போவுது, வேணாம்னு சொல்லு, நான் காசு போடறேன்" என்றார்.

ரசீதை உள்ளே வைத்திருக்கிறேன், பத்திரம். மூன்றாம் நாள் பெயர் வாசிக்கும்போது அறுபத்துச் சொச்சம் வீட்டோடு உன் பெயரையும் பத்து வெள்ளி என்று வாசிப்பார்கள். வா. போன வருடம் பந்தி பரிமாறிக்கொண்டே நின்றாய், இந்த வருடம் முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடு. யாராவது உன்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் காட்டு, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அம்மன் உனக்கு நல்ல உடம்பையும், வேண்டாம் என்று சொல்கிற வாயையும் கொடுக்கட்டும், உன் பெயர் யாருடைய நோட்டிலும் தலைகுனிந்து நிற்காமல் நூறு வருடம் நன்றாக இரு. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பேங்குக்குக் கூப்பிட மறக்காதே, தவணை தொள்ளாயிரம், தேதி சம்பள நாளே என்று நீயே சொல்ல வேண்டும், அவர்கள் சொல்லும் தொகைக்குச் சரி என்று சொல்லிவிடாதே.

பிந்துலு எவ்வளவு தூரமானாலும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா
திலகா குணாளன்